தாய்லாந்து மிஷன் இன்டர்ன்ஷிப்: டிக்கெட் போடும் முன் மூன்று தாள்கள்

கேள்வி: மகள் பி.ஏ. ஆங்கிலம் இரண்டாம் ஆண்டு. தாய்லாந்து மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் எட்டு வார மிஷன் இன்டர்ன்ஷிப்புக்குச் சபை வழியாக அழைப்பு வந்திருக்கிறது. போயே தீருவேன் என்கிறாள். தனியாக அனுப்பலாமா? படிப்புக்கும் வேலைக்கும் இது உதவுமா?

அனுப்பலாம் அம்மா. ஆனால் டிக்கெட் போடும் முன் மூன்று தாள்களை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒன்று அழைக்கிற அமைப்பு தரும் கடிதம். இரண்டாவது தாய்லாந்து விசா. மூன்றாவது, அங்கே வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் பெற்றோருக்குப் போகும் அறிவிப்பு. மூன்றும் ஒரே வேலையைச் சொல்ல வேண்டும். கடிதத்தில் ஊழியம், விசாவில் சுற்றுலா, அறிவிப்பில் இலவச ஆங்கில முகாம் என்று ஆளுக்கொரு கதை இருந்தால், சிக்கல் வரும்போது மாட்டிக்கொள்வது உங்கள் மகள்தான். அழைத்தவர்கள் இல்லை.

முதலில் கடிதம். எந்த ஊர், எந்தப் பள்ளி அல்லது சபை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வகுப்பு, எந்த வயதுப் பிள்ளைகள், பொறுப்பாளர் யார், தங்குமிடம் எங்கே, எந்தச் செலவு யாருடையது, நடுவில் திரும்ப வேண்டியிருந்தால் டிக்கெட் யார் எடுப்பார்கள். இத்தனையும் எழுத்தில் இருக்க வேண்டும். தாய்லாந்து அரசின் மத விவகாரத் துறை அங்கீகரித்த கிறிஸ்தவத் தலைமை அமைப்புகள் ஐந்து: கத்தோலிக்கத் திருச்சபை, 1934-இல் உருவான தாய்லாந்து கிறிஸ்துவின் திருச்சபை, சுவிசேஷ ஐக்கியம், பாப்டிஸ்ட் அமைப்பு, ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை. உங்கள் மகளை அழைப்பவர்கள் இவற்றில் எதன்கீழ் வருகிறார்கள் என்று கேளுங்கள். நேர்மையான அமைப்பு ஒரே வரியில் பதில் சொல்லும். பதில் வந்ததும், கடிதத்தில் அச்சான எண்ணை விட்டுவிட்டு, அந்தப் பள்ளியின் எண்ணை நீங்களே தேடி எடுத்துப் பேசுங்கள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. தாய்லாந்தில் வேலை என்று அழைத்துப்போய், மே சொட் எல்லை வழியாக மியான்மரின் மியாவதிக்குக் கடத்தி, இணைய மோசடி வேலையில் அடைத்துவைத்தது 2022-இல் வெளியே தெரிந்தது. அப்படிச் சிக்கியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். மிஷன் அழைப்பும் அதுவும் ஒன்றல்ல. ஆனாலும் அடையாளங்களைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது: வேலையின் விவரம் மங்கலாக இருக்கும், சுற்றுலாப் பயணியாக வந்துவிடு என்பார்கள், இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள், சொன்ன ஊரைவிட்டு எல்லைப்பக்க ஊருக்கு வண்டி ஏற்றுவார்கள். பாஸ்போர்ட் எப்போதும் மகளிடமே இருக்கட்டும். தங்கும் இடத்துப் பதிவுக்கு நகல் போதும்.

அடுத்தது விசா. அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். 'சம்பளம் வாங்கவில்லையே, பிறகென்ன வேலை' என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். தாய்லாந்துச் சட்டம் சம்பளத்தைப் பார்ப்பதில்லை, செய்கிற காரியத்தைப் பார்க்கிறது. தன்னார்வமாக வகுப்பு எடுத்தாலும் அதற்குரிய விசாவும் வேலை அனுமதியும் வேண்டும். அனுமதியில்லாமல் வேலை செய்தால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், நாட்டைவிட்டு வெளியேற்றம். விசா இல்லாமலே போய் இறங்கலாம் என்ற சலுகை சுற்றுலாவுக்கானது. அதை வைத்துக்கொண்டு பள்ளியில் நின்று பாடம் நடத்தக் கூடாது.

குடியேற்றம் சாராத விசாவில் பல வகை உண்டு. தன்னார்வப் பணிக்கு 'ஓ', மத ஊழியத்துக்கு 'ஆர்', வேலைக்கு 'பி', படிப்புக்கும் பயிற்சிக்கும் 'ஈடி'. உங்கள் மகளுக்கு எது பொருந்தும் என்பதை அழைக்கும் அமைப்பு எழுத்தில் சொல்லி, அதற்கான தாள்களையும் அனுப்ப வேண்டும். வேலை அனுமதிக்கு ஏற்பாடு செய்ய வேண்டியதும் அவர்களே. விண்ணப்பம் இப்போது இ-விசா இணையதளம் வழியாகத்தான். சந்தேகம் இருந்தால் சென்னையில் உள்ள தாய்லாந்துத் துணைத் தூதரகத்தில் கேளுங்கள். தாள் சேர்ப்பதற்கே வாரக்கணக்கில் ஆகும் என்பதால் பயணத்துக்கு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். தாய்லாந்தில் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். 2025 மே முதல் இது கட்டாயம், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் போலி.

மூன்றாவது தாளைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. தாய்லாந்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பௌத்தர்கள். கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். ஆனாலும் மிஷன் பள்ளிகளுக்கு அங்கே நீண்ட மரியாதை உண்டு. பாங்காக் கிறிஸ்டியன் காலேஜ் 1852-இல் தொடங்கியது. சியாங்மாயின் பயாப் பல்கலைக்கழகமும் அந்த மரபில் வந்ததுதான். கிறிஸ்தவப் பள்ளி என்று தெரிந்தேதான் பௌத்தப் பெற்றோர் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். அந்தத் 'தெரிந்தே' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. முகாமில் வேதாகமக் கதையும் பாட்டும் உண்டென்றால் அறிவிப்பில் அது இருக்க வேண்டும். ஆங்கிலம் மட்டும் என்று சொல்லிப் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு மூன்றாம் நாள் ஜெபம் செய்யச் சொன்னால், அது அந்தப் பெற்றோருக்குச் செய்யும் துரோகம். சாட்சி என்ற சொல்லுக்கே அது பொருந்தாது. அறிவிப்பின் நகலை மகள் கேட்டு வாங்கட்டும். தரத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.

எட்டு வாரம் என்கிறீர்கள். காலண்டரைப் பார்த்தீர்களா? தாய்லாந்துப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை மார்ச் நடுவிலிருந்து மே நடு வரை. நம் கல்லூரி விடுமுறை ஏப்ரல் கடைசியில் தொடங்கி ஜூன் நடுவில் முடிந்துவிடும். மே நடுவில் பள்ளி திறந்தபின் போனால் நான்கைந்து வாரம்தான் கிடைக்கும். ஜூன், ஜூலை என்று வரும் எட்டு வாரத் திட்டங்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கல்லூரி விடுமுறைக்காகப் போடப்பட்டவை. அதில் சேர்ந்தால் மூன்றாம் ஆண்டின் முதல் மாதம் போய்விடும், 75 சதவீத வருகைப்பதிவு இடிக்கும். துறைத்தலைவரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அல்லது ஐந்து வாரமாகக் குறைக்க முடியுமா என்று அமைப்பிடம் கேளுங்கள். ஏப்ரலில் முகாம் என்றால் இரண்டு விஷயம்: 13 முதல் 15 வரை சொங்க்ரான் புத்தாண்டு, நாடே விடுமுறையில் இருக்கும். வடக்கே சியாங்மாய்ப் பக்கம் காடும் வயலும் எரிக்கும் புகைக்காலம் அது, மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது.

வகுப்பறைக்கு வருவோம். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள்கூட இருப்பார்கள். 'புரிந்ததா?' என்று கேட்டால் நாற்பது பேரும் தலையாட்டுவார்கள். பெரியவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்ற அந்தத் தயக்கத்துக்கு அவர்கள் மொழியில் 'க்ரெங் ஜாய்' என்று பெயர். அதனால் கேள்வியை மாற்ற வேண்டும். பதில் ஒன்றா, இரண்டா, மூன்றா என்று எல்லோரையும் ஒரே நேரத்தில் விரலால் காட்டச் சொன்னால் யாருக்குப் புரியவில்லை என்று கண்ணாலேயே தெரியும். தனியாக எழுப்பி நிறுத்திக் கேட்டால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும், அந்த வாரம் முழுக்கத் திறக்காது. முதலில் எல்லோரும் சேர்ந்து, பிறகு இருவர் இருவராக, கடைசியில் விருப்பமுள்ளவர் தனியாக என்பது நல்ல வரிசை.

ஐம்பது நிமிட வகுப்பு என்றால் ஐந்து நிமிடம் பாட்டோ விளையாட்டோ, பத்து நிமிடம் புதுச் சொற்கள், பதினைந்து நிமிடம் ஜோடிப் பேச்சு, பதினைந்து நிமிடம் போட்டி, கடைசி ஐந்தில் திரும்பச் சொல்லல். புதுச் சொல் எட்டுக்கு மேல் வேண்டாம். புதிதாகப் போகிறவர்கள் இருபது சொல்லைக் கொட்டிவிட்டு, மறுநாள் ஒன்றும் நிற்கவில்லையே என்று கலங்குகிறார்கள். வீட்டிலிருந்தே சமையல், சந்தை, குடும்பம் என்று இருபது படங்களைப் பெரிய அளவில் அச்சிட்டுக்கொண்டு போகட்டும். ப்ரொஜெக்டர் இல்லாத பள்ளியில் அதுதான் கைகொடுக்கும்.

உச்சரிப்பைப் பற்றிப் போகுமுன்பே தெரிந்துகொள்ள வேண்டும். தாய்லாந்து மொழியில் சொல்லின் கடைசியில் ஸ, ல ஒலிகள் நிற்காது. 'பஸ்' என்பது 'பட்' ஆகும், 'பில்' என்பது 'பின்' ஆகும். 'லைக்', 'லைட்', 'ரைஸ்' மூன்றும் ஏறக்குறைய 'லை' என்றே காதில் விழும். நம் ஊரில் 'இஸ்கூல்' என்பதுபோல் அவர்கள் 'சகூன்' என்பார்கள். இது சோம்பல் இல்லை, மொழியின் அமைப்பு. தினமும் ஐந்து நிமிடம் கடைசி ஒலிக்கு மட்டும் ஒதுக்கினால் மாற்றம் தெரியும். அங்கே வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறுவதும் இல்லை. 'நேற்று நான் போகிறேன்' என்கிற மாதிரி எழுதுவார்கள். விதி சொல்லி விளங்கவைக்க முயலாமல், பலகையில் நேற்று, இன்று, நாளை என்று மூன்று கட்டம் போட்டு அதில் வினைச்சொல்லை வைக்கச் சொல்லுங்கள். மகளும் கொஞ்சம் தாய்லாந்து மொழி படித்துக்கொண்டு போகட்டும். அந்த எழுத்து கம்போடியாவின் கெமர் எழுத்து வழியாகப் பல்லவ எழுத்திலிருந்து வந்தது. 'கெ', 'கை' என்று நாம் உயிர்க்குறியை மெய்க்கு முன்னால் போடுவதுபோல் அவர்களும் போடுகிறார்கள். தமிழ் படித்த பிள்ளைக்கு அது சட்டென்று பிடிபடும். குரல் ஏற்ற இறக்கத்தால் பொருளே மாறிவிடும் ஐந்து தொனிகள்தான் சோதிக்கும்.

நடத்தையில் சில விஷயங்களுக்கு மன்னிப்பே கிடையாது. மன்னர் குடும்பத்தை இழிவுபடுத்தினால் அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவின்படி மூன்று முதல் பதினைந்து ஆண்டு வரை சிறை. விளையாட்டாக ஒரு பதிவுகூடப் போடக் கூடாது. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் தேசிய கீதம் ஒலித்தால் நிற்க வேண்டும். புத்தர் சிலைமேல் சாய்ந்து படம் எடுக்கக் கூடாது, பிக்குவைப் பெண்கள் தொடக் கூடாது. செல்லமாகக்கூடப் பிள்ளைகளின் தலையைத் தொடாமல், காலை யாரையும் நோக்கி நீட்டாமல் இருந்தால் பாதி மரியாதை வந்துவிடும். பிள்ளைகளோடு மூடிய அறையில் தனியே இருக்கக் கூடாது, தனிச்செய்தி அனுப்பக் கூடாது, அவர்கள் முகம் தெரியும் படத்தை அனுமதியின்றிப் போடக் கூடாது. இதை விதியாகவே எழுதித் தராத அமைப்பானால் நீங்களே கேளுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டிய ஒன்று உண்டென்றால் அது மோட்டார் பைக். வாடகைக்கு எளிதில் கிடைக்கும், உரிமம் இல்லாமல் ஓட்டி அடிபட்டால் காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிடும். பின்னால் உட்கார்ந்தாலும் ஹெல்மெட் போடச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் டெங்கு உண்டு, கொசுவிரட்டி களிம்பு வேண்டும். தெற்கே பட்டானி, யாலா, நராதிவாத் மாகாணங்களிலும், 2025-இல் சண்டை நடந்த கம்போடிய எல்லை மாவட்டங்களிலும் இடம் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். சுற்றுலாப் போலீஸ் 1155, ஆம்புலன்ஸ் 1669. இந்த இரண்டோடு பாங்காக் இந்தியத் தூதரக எண்ணையும் தாளில் எழுதிப் பையில் வைக்கட்டும்.

வேலைக்கு உதவுமா என்றீர்கள். பி.எட். படிப்பின் பள்ளிப் பயிற்சி வாரங்களாக இது கணக்கில் வராது. பின்னாளில் தாய்லாந்துப் பள்ளியில் முறையான ஆசிரியராக வேண்டுமானால் பட்டமும் அந்நாட்டு ஆசிரியர் மன்றத்தின் உரிமமும் தேவைப்படும். இந்தச் சில வாரங்கள் அதற்கு ஈடாகாது. ஆனால் எம்.ஏ., பி.எட். அல்லது ஹைதராபாத் இஃப்ளூவில் (ஆங்கில, அயல்மொழிப் பல்கலைக்கழகம்) ஆங்கிலம் கற்பித்தல் படிப்பு என்று போகும்போது, நேர்முகத்தில் பேசுவதற்கு இதைவிட நல்ல அனுபவம் அந்த வயதில் அமையாது. அதற்கு ஆதாரம் வேண்டும். முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் தேதி, வகுப்பு, பிள்ளைகள் எண்ணிக்கை, பாடம், நிமிடம், எது எடுபடவில்லை என்று எழுதி, வாரம் ஒருமுறை பொறுப்பாளரிடம் கையெழுத்து வாங்கட்டும். திரும்பும் முன் மொத்த மணி நேரத்தைக் குறிப்பிட்ட சான்றிதழ், பள்ளியின் லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு. ஊருக்கு வந்தபின் மின்னஞ்சலில் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.