மகனின் பிக்கப்பும் மொன்றியல் பனியும்

கேள்வி: மொன்றியலில் உள்ள மகன் பிக்கப் வாங்கியிருக்கிறான். நான்கு சில்லும் இழுக்குமாம், அதனால் குளிர்கால டயர் தேவையில்லையாம். சரியா?
– வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: இல்லை ஐயா. என் கராஜுக்கு வரும் வேளாண்மைக்காரரும் இப்படித்தான் சொல்வார்கள். படுவான்கரை வயல் சேற்றுக்கு அது சரி. பனியில் வண்டியைக் கிளப்புவதைவிட நிறுத்துவதுதான் பாடு. பிரேக் பிடிக்கையில் அந்த இழுவை உதவாது. 7 பாகை செல்சியசுக்குக் கீழே சாதாரண டயரின் ரப்பர் இறுகிப் பிடி குறையும். மூன்று சிகர மலையும் பனித்துகளும் பொறித்த டயர் நான்கு வாங்கட்டும். இரண்டோடு நிறுத்துவது வீண் சிக்கனம். மொன்றியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். அப்புறம், பின்பெட்டி வெறுமையாக இருந்தால் வால் வழுக்கும். பின் அச்சுக்கு மேலே மணல் மூட்டைகளை அசையாமல் கட்டச் சொல்லுங்கள்.