திருகோணமலை மலையூரா, கடலூரா?

"பெயரில் மலை இருக்கிறதே, மலை எங்கே? ஊர்ச் சனம் எப்படி?" என்று இலங்கையின் மலையகத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கேயுள்ள அட்டன் மாதிரிக் குளிரான மலையூர் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வரப்போகிறார் போல.

சரி, முதலில் ஸ்வெட்டரை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். எங்கள் மலைகள் சில நூறு அடி உயரந்தான். ஆனால் நேரே கடலிலிருந்து எழும்புவதால் பார்வைக்குப் பெரிதாகத் தெரியும். கிழக்கே கடலுக்குள் நீண்ட சுவாமி மலை, மேற்கே துறைமுகப் பக்கம் உவர்மலை. நடுவில் ஒடுங்கிய நிலத்தில்தான் நகரம். மாரியில் நகரின் கிழக்கே உள்ள டச்பே கடற்கரையை அலை பிய்த்தெடுக்கும். அதே நாளில் உட்துறைமுகம் குளம் மாதிரிக் கிடக்கும். மே மாதத்துக்குப் பிறகு கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று. மழையையெல்லாம் உங்கள் பக்கம் இறக்கிவிட்டு வெறும் சூட்டோடு இங்கே வரும். நீங்கள் குடை பிடிக்கும் மாதங்களில் எங்களுக்கு வியர்வை.

கடலுக்கடியிலும் ஒரு பள்ளத்தாக்கு கரைக்குக் கிட்ட இருந்தே இறங்குகிறது. நீலத் திமிங்கிலத்தைப் படகில் போய்ப் பார்க்க முடிவது அந்த ஆழத்தால்தான்.

சுவாமி மலையில் இருக்கும் கோணேசர் என்கிற சிவன் கோயிலுக்குப் போகக் கோட்டை வாசலுக்குள்ளால் போகவேண்டும். 1620களில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கல்லையே கொண்டு கட்டிய கோட்டை. இப்போது உள்ளே இராணுவமும் புள்ளிமான்களும். மான்கள் டவுனுக்குள்ளும் இறங்கி, குப்பையில் மரக்கறித் தோலைத் தேடிப் பொலித்தீன் பையையும் சேர்த்து விழுங்கும். படமெடுக்க வருபவர்கள் பிஸ்கட்டை நீட்டாமல் இருந்தாலே புண்ணியம்.

ஊர்ச் சனத்தைப் பார்க்க வேண்டுமா, சிவராத்திரி முடிந்து கோணேசர் நகர்வலம் வரும் இரவுகளில் வாருங்கள். வீதியெல்லாம் தோரணம், வாசலில் கோலம், நிறைகுடம், குத்துவிளக்கு. சுவாமி எங்கள் வீதிக்கு வரச் சாமம் தாண்டிவிடும். தூங்கிப்போன பிள்ளைகளை உலுக்கி எழுப்பித் திருநீறு பூசிவிடுவார்கள். அதுகள் நின்றபடியே மறுபடி தூங்கும்.

மற்ற நாட்களில் பின்னேரமானால் எல்லாரும் டச்பேயில்தான். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று குடும்பம் குடும்பமாக மணலில் உட்கார்ந்து கச்சான் கடலை கொறிப்பார்கள். இனக்கலவரத்திலும் போரிலும் இந்த ஊர் பட்டபாடு தெரிந்தவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

அப்புறம், மலைக்கு விடியற்காலையிலேயே ஏறிவிடுங்கள். வெயில் ஏறினால் அந்தக் கல்லில் வெறுங்காலை வைக்க முடியாது.