வேஷம் வாசலில் வேண்டாம், வீட்டுக்குள் போடட்டும்
(மல்லேஸ்வரம் மாமி பதில்கள்)

மாமி, மகளுக்கு அடுத்த மாதம் ஆறு வயது முடிகிறது. மேஜிக் ஷோ வேண்டாமாம். வேஷம் போட்டுக்கொண்டு டீ பார்ட்டி வேண்டுமாம். வகுப்பு முழுவதையும் கூப்பிட வேண்டுமா? "வேஷத்தோடு வரவும்" என்று அழைப்பில் போடலாமா? குழந்தைகளுக்கு டீ கொடுக்கலாமா?
*- ஒரு வாசகி, ஒயிட்ஃபீல்டு*

வகுப்பு முழுவதும் வந்தால் அது டீ பார்ட்டி இல்லை, ஆண்டு விழா. ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைக்க முடியாது.

"வேஷத்தோடு வரவும்" என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். பாவம், எட்டு அம்மாக்கள் வாடகை உடுப்பு தேடி அலைவார்கள். அந்த உடுப்புகளைப் பள்ளி மேடையில் பார்த்திருப்பீர்களே! ஜரிகை கழுத்தை அறுக்கும், இடுப்பில் ஊக்கு குத்தும், குழந்தை பாதியிலேயே அழும். தவிர, வாசலிலேயே ராணியாக வந்து நிற்கிற குழந்தைக்கு அப்புறம் செய்ய என்ன இருக்கிறது? வேஷம் போடுவதுதான் விளையாட்டே. "சாதாரண உடையில் வரவும், வேஷம் இங்கே கிடைக்கும்" என்று எழுதுங்கள்.

கூடத்தின் நடுவில் ஒரு பெட்டியைத் திறந்து வையுங்கள். கிழிந்த பட்டுப்புடவையின் முந்தானை, அப்பாவின் அங்கவஸ்திரம், டை, தாத்தாவின் கண்ணாடி (கண்ணாடிச் சில்லைக் கழற்றிவிட்டு ஃப்ரேம் மட்டும்), கைப்பை, கொலுவுக்கு வாங்கிய மணிமாலைகள், காக்கிச் சட்டை, விசில். காசு செலவழித்தே தீருவேன் என்றால் சிக்பேட்டைப் பக்கம் போய் ஒரு மைசூர் பேட்டாவும் (ராஜாத் தலைப்பாகை) கொஞ்சம் ஜரிகை நாடாவும் வாங்குங்கள். ஊக்குக்குப் பதில் தலைமுடி ரப்பர் பேண்டு. புடவையை முழுசாக விடாமல் முழங்கால் அளவுக்கு வெட்டிவிடுங்கள், தடுக்கி விழாது. ஒரு ஆளுயரக் கண்ணாடியும் பக்கத்தில் இருக்கட்டும். முதல் அரை மணி நேரம் இதிலேயே ஓடிவிடும்.

பாருங்கள், இளவரசியைவிட பஸ் கண்டக்டருக்குத்தான் போட்டி வரும். ஒருத்தி டாக்டர், ஒருத்தன் ஆட்டோக்காரர், ஒருத்தி "மெட்ராஸிலிருந்து வந்த பெரியம்மா". உங்கள் பெண் வீட்டுக்கார அம்மா. "வாங்கோ வாங்கோ, ஊர்ல மழை உண்டா?" என்று கேட்டு ஊற்றிக் கொடுப்பது அவள் வேலை. நீங்கள் குறுக்கே புகுந்து ஊற்றாதீர்கள். சிந்தினால் துடைத்துக்கொள்ளலாம்.

டீ வேண்டாம். அதில் காஃபின் இருக்கிறது, சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதையும் அது குறைக்கும். கேழ்வரகு மால்ட்டைக் கொஞ்சம் நீர்க்கக் காய்ச்சி, வெல்லமும் பாலும் சேர்த்துக் கெட்டிலில் ஊற்றுங்கள். பார்க்க டீ மாதிரியே இருக்கும். வெதுவெதுப்புக்கு மேல் சூடு கூடாது. பீங்கான் கப்பை எடுத்து உள்ளே வையுங்கள்; சின்ன எவர்சில்வர் டபரா டம்ளர் உடையாது, அரை டம்ளர் ஊற்றினால் போதும். நம் கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் செய்கிற மரச் சொப்பு அழகுக்கு மேஜையில் இருக்கலாம். ஆனால் அதன் மேல் பூச்சு அரக்கு, கடைசலில் சுழலும்போது உரசுகிற சூட்டில் இளகிப் பிடிப்பது. அதில் சூடாக எதையும் ஊற்றக்கூடாது.

தின்பதற்கு நம் ஊரில் கவலையே இல்லை. தெருமுனை ஐயங்கார் பேக்கரியில் காரா பன் வாங்கி நாலாக வெட்டுங்கள். ஹனி கேக், பெண்ணெ (வெண்ணெய்) பிஸ்கட். பெரும்பாலும் முட்டை போடமாட்டார்கள் என்றாலும் கேட்டுக்கொள்ளுங்கள். யாருக்காவது வேர்க்கடலை, முந்திரி ஒத்துக்கொள்ளாதா என்று அம்மாக்களிடம் முன்கூட்டியே விசாரியுங்கள். கூட வருகிற தம்பி தங்கைகளுக்கு முழு வேர்க்கடலை தொண்டையில் அடைக்கும், திராட்சையை நீளவாக்கில் வெட்டிக் கொடுங்கள்.

நாலு மணிக்கு ஆரம்பித்து ஐந்தரைக்கு முடியுங்கள். மொட்டை மாடி ஆசை வேண்டாம், பெங்களூரு மழை சாயங்காலம் பார்த்துத்தான் வரும். மெழுகுவத்தி ஊதுவதாக இருந்தால் வேஷம் போடுவதற்கு முன்பே ஊதிவிடட்டும். நைலான் துணியில் தீ பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

"டீ பார்ட்டி வெள்ளைக்காரன் பழக்கம், நமக்கெதற்கு?" என்கிறார் மாமனார். என்ன சொல்ல?
*- ஒரு வாசகி, ஜே.பி. நகர்*

வெள்ளைக்காரர்கள் பழக்கம்தான். 1840 வாக்கில் பெட்ஃபோர்டு சீமாட்டி ஆன்னா, ராத்திரிச் சாப்பாடு வரை பசி தாங்காமல் சாயங்காலம் டீயும் ரொட்டியும் வரவழைத்ததில் பரவியது என்பார்கள். நம் வீட்டு நாலு மணி டிபனுக்கும் அதே பசிதான் காரணம். நவராத்திரிக்குக் குழந்தைகள் கிருஷ்ணனும் ஆண்டாளுமாக வேஷம் போட்டு வீடு வீடாகச் சுண்டலுக்குப் போனதை அவரிடமே கேளுங்கள். அவரும் போயிருப்பார்.

இப்படி ஒரு விருந்தில் என் ஐந்து வயது மகன் பாவாடையை எடுத்துக் கட்டிக்கொண்டான். கணவருக்கு முகம் சுருங்கிவிட்டது. தடுத்திருக்க வேண்டுமா?
*- ஒரு வாசகி, சி.வி. ராமன் நகர்*

எதற்குத் தடுக்க வேண்டும்? உங்கள் கணவர் வீட்டுப் பழைய ஆல்பத்தை எடுங்கள். ஆண் குழந்தைக்கு ஒரு தடவையாவது பாவாடை சட்டை போட்டு, சவுரி வைத்துப் பின்னி, பூ வைத்து ஸ்டூடியோவில் படம் எடுக்காத தமிழ்க் குடும்பம் அந்தக் காலத்தில் குறைவு. அந்தப் படத்தில் இருப்பது அவராகவே இருக்கலாம். தெருக்கூத்தில் பாஞ்சாலி வேஷம் கட்டியதும் ஆண்கள்தானே. பையன் கேலிக்கு ஆளானால் மட்டும் குறுக்கே போங்கள், அதுவும் கேலி செய்தவனிடம்.

முகத்தில் மீசை, புலிக்கோடு வரையலாமா?
*- ஒரு வாசகர், எலஹங்கா*

கண் மை பென்சிலால் மீசை வரையலாம், தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும். போஸ்டர் கலர், ஸ்கெட்ச் பேனா கூடவே கூடாது. முகத்துக்கென்று விற்கும் வண்ணமாக இருந்தாலும் முதல் நாளே முழங்கையின் உட்புறம் கொஞ்சம் தடவிப் பாருங்கள். சிவந்தால் புலி வேண்டாம், மீசை வைத்த கண்டக்டரே போதும்.