நாமே ரைட் செய்த சிடி ஏன் சீக்கிரம் கெட்டுப்போகிறது?

கடையில் வாங்கிய பழைய பாட்டு சிடி இன்னும் ஓடுகிறது, 2005-ல் ரைட் செய்த கல்யாண சிடி மட்டும் திறக்கவில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கடை சிடியில் தகவல் பிளாஸ்டிக்கிலேயே குழிகளாக அச்சாகியிருக்கும். நாம் ரைட் செய்யும் சிடியில் (சிடி-ஆர்) தகவலுக்கு இருப்பது வெறும் சாயப் படலம். லேசர் அதைச் சுட்டுத் தடம் போடுகிறது. வெயில், சூடு, ஈரப்பதம் பட்டால் சாயம் கெட்டுவிடும்.

எல்லோரும் அடிப்பக்கக் கீறலுக்குத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் அதிக ஆபத்து பெயர் எழுதும் மேல்பக்கத்தில்! அங்கே பளபளப்பான உலோகப் பூச்சுக்கு மேல் மெல்லிய வார்னிஷ் மட்டுமே. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலே போச்சு. டிவிடியில் படலம் இரண்டு தகடுகளுக்கு நடுவே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

உங்கள் சிடியை வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று படிக்காததை இன்னொன்று படிப்பதுண்டு. திறந்தால் அன்றைக்கே இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள்.