விளைநிலப் பாதுகாப்புத் திட்டமிடுநர் சான்று: அமெரிக்காவில் எப்படி?

விவசாயிகளுக்கு நிலத்தைக் காக்கும் திட்டம் வகுத்துத் தருபவருக்கான இந்தச் சான்று, வேளாண்மைப் பட்டம் இருந்தால் கிடைத்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பட்டம் மட்டும் போதாது. புழுதிப் புயல்கள் மேல்மண்ணை வாரிக்கொண்டுபோன காலத்தில், 1935-ல் உருவான மண் பாதுகாப்புத் துறைதான் இன்றைய இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை. அதுவே சான்று தருகிறது.

முதலில் பயிற்சி வகுப்புகள், மண் அரிப்பைக் கணக்கிடும் முறைகள். சரி, அதைப் படித்துவிடலாம். அப்புறம்தான் உண்மையான சோதனை: விவசாயியோடு அவர் வயலில் நடந்து, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு, 9 படிகள் கொண்ட முறைப்படி திட்டம் தயாரிக்க வேண்டும். எனக்குக் கடினமாகத் தெரிவது அந்தக் கேட்பதுதான். மாற்று வழிகளை நாம் முன்வைக்கலாம், முடிவு விவசாயியுடையது.

சான்று ஆயுளுக்கும் செல்லாது. தொடர்ந்து பயிற்சி எடுத்து, திட்டப் பணியிலும் இருந்தால்தான் அதைப் புதுப்பிக்க முடியும்.