கணக்கும் கணினியும்: பாதியில் நின்றுபோன செக்குகள்

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்குக் கிராணியாக இருக்கிறேன். மாதக் கடைசியில் சப்ளையர்களுக்கு 40 செக்குகளை ஒரே பேட்சாக அடிப்பது வழக்கம். இம்முறை நடுவில் தாள் சிக்கிக்கொண்டதால் பிரிண்டரை அணைத்துவிட்டேன். சிஸ்டத்திலோ 40-ம் அச்சாகிவிட்டதாகக் காட்டுகிறது. பேட்சை மறுபடியும் ஓட்டிவிடலாமா?
- வாசகி, செந்தூல்

பதில்: ஓட்டாதீர்கள்மா. அந்த 40 பேரின் கணக்கிலும் பணம் கொடுத்ததாக ஏற்கெனவே பதிவாகியிருக்கும். திரும்ப ஓட்டினால் ஒரே பில்லுக்கு இரண்டு செக் போகும். நான் பார்த்த ஒரு அலுவலகத்தில் இப்படி நடந்து, சப்ளையரே போன் போட்டுச் சொன்ன பிறகுதான் தெரிந்தது. எல்லாச் சப்ளையரும் சொல்ல மாட்டார்கள்.

'அச்சாகிவிட்டது' என்று சிஸ்டம் சொல்வதற்கு, வேலையை விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரிடம் கொடுத்தாகிவிட்டது என்றுதான் அர்த்தம். ஸ்பூலர் அதைக் கோப்பாக வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பும். பிரிண்டரை அணைத்ததும் அதன் நினைவகத்தில் இருந்த பக்கங்கள் போய்விடும். அதனால் திரையை விடுங்கள், தாளைப் பாருங்கள்.

பிரிண்டரைப் போடுவதற்கு முன்பே வரிசையில் தொங்கிக்கொண்டிருக்கும் வேலையை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் போட்டதுமே அது முதலிலிருந்து ஓட ஆரம்பித்து வெற்றுச் செக்குகளைப் பாழாக்கும். அந்த வேலை வரிசையிலிருந்து போகாமல் அடம்பிடித்தால் பிரிண்ட் ஸ்பூலர் சேவையை நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ் என்று உள்ளே போய் அங்குள்ள கோப்புகளை அழித்துவிட்டு, சேவையை மறுபடி தொடங்குங்கள். அந்தக் கணினியில் காத்திருக்கும் மற்றவர்களின் வேலையும் சேர்ந்தே போய்விடும், கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

அப்புறம் செக்குகளை மேசையில் பரப்பி, அடியில் வங்கி அச்சடித்த எண்படி அடுக்குங்கள். நல்லது, கெட்டது, வெற்று என்று மூன்று கட்டு. பேமெண்ட் லிஸ்ட்டைச் சாதாரணத் தாளில் எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே செக்கின் எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். 22 வரை நன்றாக வந்து 23-ஆவது கசங்கியிருந்தால், 23-ஆவது சப்ளையரிலிருந்துதான் மறு அச்சு. அதற்குப் பெரும்பாலான சிஸ்டங்களில் 'ரீபிரிண்ட்' இருக்கும். புதுப் பேமெண்ட் போட வேண்டாம். 'அடுத்த செக் எண்' கட்டத்தில் வெற்றுக் கட்டின் மேலே உள்ள எண்ணைக் கொடுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கசங்கியது ஒன்றே என்றாலும், அதற்குப் பிறகு சிஸ்டத்தில் இருக்கும் எண் எதுவும் தாளில் இருப்பதோடு பொருந்தாது.

கசங்கிய செக்கின் எண்ணை மட்டும் ரத்து செய்யுங்கள், பேமெண்டை ரத்து செய்தால் சப்ளையர் பாக்கி திரும்ப ஏறிவிடும். செக்கின் குறுக்கே 'ரத்து' என்று எழுதி வவுச்சரோடு பின் அடித்து வையுங்கள். கிழித்துப் போடாதீர்கள். மலேசிய வருமான வரிச் சட்டப்படி கணக்கு ஆவணங்களை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும், ஆடிட்டரும் கேட்பார்.

இன்வாய்ஸ் பாதியில் நின்றாலும் மறு அச்சுதான். வரி வாரியத்தின் மின் இன்வாய்ஸ் தளமான மைஇன்வாய்ஸில் ஏற்கப்பட்ட இன்வாய்ஸைத் திரும்ப அனுப்ப வேண்டியதில்லை, க்யூஆர் குறியீடும் அதேதான். உள்ளே விவரம் தப்பாக இருந்தால்தான் ரத்து, அதுவும் 72 மணி நேரத்துக்குள்.

இனிமேல் பத்துப் பத்தாக அடியுங்கள். கோலாலம்பூரின் சாயங்கால இடிமழைக்கு ஒரு யுபிஎஸ் அவசியம். பிரிண்டர் அமைப்பில் 'அச்சான ஆவணங்களை வைத்திரு' என்ற வசதியைச் செக் அடிக்கும் கணினியில் போடாதீர்கள். யார் வேண்டுமானாலும் வரிசையிலிருந்து இன்னொரு தடவை அடித்துவிடலாம். முதலாளி முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். லிஸ்ட்டில் 40 எண்ணும் சரியாக ஒத்துப்போகும் வரை ஒரு செக்கையும் வெளியே அனுப்பாதீர்கள்.