சின்ன கோச்சிங் வகுப்புக்கு எந்த வெப் ஹோஸ்டிங் வாங்கலாம்?

"தனியாகக் கோச்சிங் நடத்துகிறேன், வெப்சைட் வைக்க விலை குறைவான நல்ல ஹோஸ்டிங் கம்பெனி ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கம்பெனி பெயர் சொல்லப்போவதில்லை. ஆனாலும் இதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. இதே கேள்வியோடுதான் நானும் ஆரம்பித்தேன். தவறான இடத்தில் கவனத்தை வைத்திருந்தேன் என்று புரிவதற்குள் பன்னிரண்டு நாள் என் வகுப்பு இணையத்தில் இல்லாமலே போனது.

உங்கள் நிலைமை ஏறக்குறைய என்னுடையது போலத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பாடம் எடுப்பது, ஃபீஸ் கணக்கு, பெற்றோரின் போன், கேள்வித்தாள் தயாரிப்பு எல்லாமே நீங்கள்தான். வெப்சைட் பக்கம் திரும்ப ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆகும். அதனால் தெரிந்தவர் யாராவது "நான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னால் பெரிய நிம்மதியாக இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். பழைய மாணவி ஒருத்தியின் அண்ணன் வெப் டிசைனர். "அக்கா, டொமைன், ஹோஸ்டிங், டிசைன் எல்லாம் என் பொறுப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை பணம் கொடுத்தா போதும்" என்றார். டொமைன் என்பது சைட்டின் முகவரிப் பெயர், ஹோஸ்டிங் என்பது சைட் இருக்கும் சர்வர் இடம். சைட்டை நன்றாகவே செய்துகொடுத்தார், அதில் குறை சொல்ல மாட்டேன். மாதிரித் தேர்வுக்குப் பதிவு செய்யும் படிவம், மதிப்பெண் பக்கம், மாணவர்கள் சந்தேகம் கேட்கும் பகுதி என்று எல்லாம் இருந்தது. எனக்குத் தெரியாதது ஒன்றுதான். அவர் ரீசெல்லர் கணக்கு (ஹோஸ்டிங்கை மொத்தமாக வாங்கிப் பிறருக்குப் பிரித்து விற்கும் கணக்கு) ஒன்று வாங்கி, அதில் முப்பது வாடிக்கையாளர்களை வைத்திருந்தார். நான் அந்த முப்பதில் ஒருத்தி. ஹோஸ்டிங் கம்பெனியின் ஏட்டில் என் பெயரே கிடையாது.

முதல் அறிகுறி ஒரு மாதிரித் தேர்வுப் பதிவின்போது வந்தது. மாலை ஆறு மணிக்குப் பதிவு திறக்கும் என்று எல்லாருக்கும் செய்தி அனுப்பியிருந்தேன். சரியாக ஆறு மணிக்கு எல்லாரும் ஒன்றாக உள்ளே வர, 508 என்ற எண்ணோடு "ரிசோர்ஸ் லிமிட் இஸ் ரீச்டு" என்று வெள்ளைப் பக்கம் வந்து நின்றது. எங்கள் பிளானில் "அன்லிமிடெட்" என்று எழுதியிருந்தது உண்மைதான். ஆனால் அது இடத்துக்கும் பேண்ட்வித்துக்கும் (சைட்டிலிருந்து போகும் டேட்டாவின் அளவு) மட்டும். ஒரே சமயத்தில் எத்தனை புரோசஸ் (சர்வர் செய்யும் வேலை) ஓடலாம், எவ்வளவு சிபியு, எவ்வளவு மெமரி என்பதற்கெல்லாம் தனி வரம்பு உண்டு. ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் பல நூறு சைட்கள் இருப்பதால் அந்த வரம்பு இல்லாமல் அவர்களாலும் நடத்த முடியாது. எங்களுக்கு அந்தப் புரோசஸ் வரம்பு 20. கோச்சிங் சைட்டின் சிக்கலே இதுதான். மாதம் முழுக்க ஆள் வரமாட்டார்கள், ரிசல்ட் போடும் அரை மணி நேரத்தில் மட்டும் எல்லாரும் வருவார்கள். மாதத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று பார்த்துப் பிளான் வாங்கினால் ஏமாந்துபோவீர்கள். ஒரே நிமிடத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் என்று கேளுங்கள்.

அன்றைக்கே நான் விழித்திருக்க வேண்டும். "அப்பப்போ வரும்க்கா, ரெஃப்ரெஷ் பண்ணச் சொல்லுங்க" என்று அவர் சொன்னதைக் கேட்டு விட்டுவிட்டேன்.

நான்கு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை சைட்டைத் திறந்தால் "அக்கவுண்ட் சஸ்பெண்டட்". டிசைனரின் போன் அணைந்து கிடந்தது. ஹோஸ்டிங் கம்பெனியைத் தேடிப்பிடித்துச் சாட்டில் போனேன். பணிவாகத்தான் பேசினார்கள், ஆனால் பதில் ஒன்றுதான்: "நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லை. உங்களுக்கு விற்றவரிடம் பேசுங்கள்." நான் பணம் கட்டிய ரசீதைக் காட்டினேன். அது அவருக்குக் கட்டியது, அவர்களுக்கு அல்ல. அவர்கள் கோணத்தில் அது சரி என்று இன்று புரிகிறது. ஒருவருடைய கணக்கை வேறொருவர் கையில் கொடுத்தால்தான் தப்பு. அன்று அழுகைதான் வந்தது.

டிசைனருடைய அப்பா தீவிர சிகிச்சையில் இருந்தார் என்பது பன்னிரண்டாவது நாள்தான் தெரிந்தது. ரினியூவல் பில் அவர் கண்ணிலேயே படவில்லை. அவர் மீது பழி போட இதை எழுதவில்லை. மனிதர்களுக்கு இப்படி நடக்கும். அப்படி நடக்கும்போது என் தொழில் அவரோடு சேர்ந்து நிற்கும்படி நான் வைத்திருந்ததுதான் தவறு.

அவர் பணம் கட்டியதும் சைட் திரும்ப வந்தது. ஆனால் பழைய பேக்கப்பிலிருந்து, மூன்று வாரம் பின்னால். அந்த மூன்று வாரத்தில்தான் அடுத்த மாதிரித் தேர்வுக்கு 112 பேர் பதிவு செய்திருந்தார்கள். பெயர், போன் நம்பர், எந்த பேட்ச் என்ற விவரம் எல்லாம் போயே போச்சு. வங்கிக் கணக்கில் பணம் வந்த தடயம் இருந்தது. ஆனால் பணம் போட்டது அப்பாவோ மாமாவோ, அந்தப் பெயரை வைத்து மாணவன் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து "கட்டிட்டீங்களா, ரசீது இருந்தா அனுப்புங்க" என்று கேட்டேன். ஒரு அம்மா, கோபமாகக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்: "என்ன டீச்சர், உங்ககிட்ட கணக்கு இல்லையா?" அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் கிடக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

டொமைன் கதை தனி. அதுவும் அவர் பெயரில், அவர் கணக்கில், அவர் மெயிலில் இருந்தது. காலாவதியாக இன்னும் 19 நாள். அவர் டொமைன் வாங்கியிருந்த அதே ரிஜிஸ்ட்ராரில் (டொமைன் பெயரைப் பதிவு செய்துதரும் கம்பெனி) நான் கணக்கு திறந்தேன், அவர் டொமைனை என் கணக்குக்கு மாற்றிவிட்டார், நான் உடனே உரிமையாளர் பெயரை என்னுடையதாக மாற்றினேன். மாற்றியதும் 60 நாள் பூட்டு விழுந்துவிட்டது. டாட் காம் போன்ற பெயர்களில் உரிமையாளரை மாற்றினால் வேறு ரிஜிஸ்ட்ராருக்குக் கொண்டுபோக 60 நாள் தடை வரும். திருட்டைத் தடுக்க, டொமைன் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகான் அமைப்பு வைத்த விதி. சில ரிஜிஸ்ட்ரார்கள் மாற்றும் முன்பே அந்தப் பூட்டு வேண்டாம் என்று சொல்ல இடம் தருவார்கள், நான் அதைக் கவனிக்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று பயந்துவிட்டேன். ஆனால் அந்தப் பூட்டு ரிஜிஸ்ட்ரார் மாறுவதை மட்டும்தான் தடுக்கும். நேம்சர்வரை (டொமைனுக்கு எந்த ஹோஸ்டிங் என்று காட்டும் சர்வர்) மாற்றவோ, அங்கேயே ரினியூ செய்யவோ தடை இல்லை. அதனால் பெயரை அங்கேயே புதுப்பித்துவிட்டு, ஹோஸ்டிங்கை மட்டும் வேறு இடத்தில் வாங்கி நேம்சர்வரைத் திருப்பினேன்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு என் கருத்து இதுதான்: எந்தக் கம்பெனி என்பதைவிட, ஒரே நாளில் அங்கிருந்து கிளம்ப முடியுமா என்பதைப் பாருங்கள். அதற்கு டொமைன் உங்கள் பெயரில், ஹோஸ்டிங் வாங்கும் இடத்தில் இல்லாமல் தனியாக இருக்கட்டும். "முதல் வருஷம் டொமைன் இலவசம்" என்று ஹோஸ்டிங்கோடு தருவதை நான் எடுப்பதில்லை. பணத்தைத் திருப்பித் தரும் 30 நாள் வாக்குறுதியிலும் அந்த டொமைன் விலையைப் பெரும்பாலும் கழித்துக்கொள்வார்கள். டொமைன் காலாவதியானால் உடனே கைவிட்டுப் போகாது என்பது உண்மை. ரிஜிஸ்ட்ரார் அழித்த பிறகும் டாட் காமுக்கு 30 நாள் மீட்புக் காலம் உண்டு. ஆனால் அப்போது மீட்க அபராதம் மாதிரி ஒரு தொகை கேட்பார்கள். அதையும் விட்டால் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம்.

பேக்கப்பை ஹோஸ்டிங் கம்பெனி எடுக்கிறது என்று நம்பி இருக்காதீர்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டிடம் ஒன்று எரிந்துபோனது. அதே வளாகத்தில் பேக்கப்பை வைத்திருந்த பலருக்கு சைட், பேக்கப் இரண்டும் போனது. 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் கோடை வைத்துக்கொள்ளும் தளமான கிட்லேப்பில் ஒருவர் தவறுதலாக டேட்டாபேஸை அழித்தபோது, அவர்கள் வைத்திருந்த ஐந்து வித பேக்கப் வழிகளில் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அவர்களே எழுதினார்கள். அவ்வளவு பெரியவர்களுக்கே அப்படி. நான் இப்போது வேர்ட்பிரஸில் அப்டிராஃப்ட்பிளஸ் என்ற பேக்கப் பிளகின் போட்டு, டேட்டாபேஸை தினமும், ஃபைல்களை வாரம் ஒருமுறை கூகுள் டிரைவுக்கு அனுப்புகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதை வேறொரு காலி இடத்தில் ஏற்றிப் பார்க்கிறேன். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

விலை பற்றி: பெரிய எழுத்தில் இருப்பது முதல் தவணைக்கான விலை. பெரும்பாலும் மூன்று வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால்தான் அது கிடைக்கும், ரினியூவல் விலை இரண்டு மூன்று மடங்காகும். சிறிய எழுத்தில் இருக்கும் அந்த ரினியூவல் விலையைத்தான் உங்கள் விலையாக எடுத்துக்கொள்ளுங்கள். "99.9 சதவீதம் அப்டைம்" (சைட் நிற்காமல் ஓடும் நேரம்) என்பதையும் போட்டுப் பாருங்கள். 30 நாளில் 43,200 நிமிடம், அதில் 0.1 சதவீதம் 43 நிமிடம். உங்கள் ரிசல்ட் போடும் நேரத்தில் அந்த 43 நிமிடம் வந்தாலும் வாக்குறுதி மீறப்படவில்லை. மீறினாலும் கிடைப்பது அந்த மாதக் கட்டணத்தில் ஒரு பங்குதான். சைட்டுக்கும் பார்ப்பவருக்கும் நடுவே போகும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழைத் தனியாக விற்க வந்தால் வாங்காதீர்கள், லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை 2015 முதல் இலவசமாகத் தருகிறது.

வகுப்பு வீடியோக்களை ஹோஸ்டிங்கில் ஏற்றாதீர்கள். ஒரு மணி நேர வீடியோ சுமார் ஒரு ஜிபி என்று வையுங்கள், 60 பேர் இரண்டு தடவை பார்த்தால் 120 ஜிபி. யூடியூபில் அன்லிஸ்டெடாகவோ (லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி) விமியோவிலோ போட்டுவிட்டு சைட்டில் இணைத்தால் போதும். மெயிலையும் பிரித்து வைப்பது நல்லது. ஷேர்டு சர்வரில் பக்கத்து சைட்காரர் ஸ்பேம் அனுப்பினால் அதே ஐபி முகவரியிலிருந்து போகும் உங்கள் மெயிலும் ஸ்பேமுக்குப் போகும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயில் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் அமைப்புகள்) இல்லாத மெயில் மீது இன்னும் கண்டிப்பாக இருக்கின்றன.

வீடியோ என்றதும் இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் நோட்ஸ் பிடிஎஃப் எல்லாம் இப்போது டெலிகிராம் குரூப்களில் சுற்றுகிறது, என் பெயர் இருந்த இடத்தை வெள்ளையாக்கிவிட்டு. சுற்றுக்கு விடுவது பெரும்பாலும் மாணவர்கள் கிடையாது, வேறு வகுப்பு நடத்துபவர்கள். ஒரு அத்தியாயத்துக்கு ஐம்பது கணக்கு தேர்ந்தெடுத்து, எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்த எனக்கு ஒரு வாரம் ஆகும். ஒவ்வொரு கணக்கும் முந்தையதிலிருந்து ஒரு படிதான் ஏறும். அதை எடுத்துத் தன் மாணவர்களுக்குத் தன்னுடையது என்று கொடுப்பவரும் ஆசிரியர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். எந்த ஹோஸ்டிங்கும் இதைத் தடுக்காது. உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் நீங்களும் நோட்ஸ் ஏற்றப்போகிறீர்கள் என்றால் தெரிந்திருக்கட்டும்.

சிலர் "ஷேர்டு ஹோஸ்டிங்கே தப்பு, விபிஎஸ் (சர்வரில் நமக்கென்று பிரித்துத் தரும் தனிப் பகுதி) எடுக்க வேண்டியதுதானே" என்று சொல்லலாம். எடுக்கலாம். ஆனால் விபிஎஸ் என்றால் அப்டேட், பாதுகாப்பு, ஃபயர்வால் எல்லாம் நம் தலையில். கவனிக்க ஆள் இல்லாத விபிஎஸ்ஸைவிட ஒழுங்கான ஷேர்டு ஹோஸ்டிங் மேல் என்பது என் எண்ணம். "வெப்சைட்டே எதற்கு, வாட்ஸ்அப் குரூப் போதாதா" என்பவர்களும் உண்டு. இருபது மாணவர்கள் வரை போதும், மறுக்கவில்லை. பெயர் சொல்லாமல் மழுப்புகிறேன் என்று நினைப்பவர்களுக்கு: "டாப் 10 ஹோஸ்டிங்" கட்டுரைகள் பலவற்றில் ஒவ்வொரு லிங்க்குக்கும் கமிஷன் உண்டு. அதோடு, வெவ்வேறு பெயர்கள் என்றால் வெவ்வேறு கம்பெனிகள் என்றும் சொல்ல முடியாது. 2013 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் ப்ரோவோ நகர டேட்டா சென்டர் ஒன்றில் சிக்கல் வந்தபோது புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர், ஹோஸ்ட்மான்ஸ்டர், ஜஸ்ட்ஹோஸ்ட் நான்கும் சேர்ந்தே பாதிக்கப்பட்டன. நான்கும் ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. இன்று நான் ஒரு பெயரைச் சொன்னால் அடுத்த வருடம் அது யார் கையில் இருக்கும் என்று எனக்கு உறுதியில்லை.

அதனால் நீங்களே சோதித்துப் பாருங்கள். பணம் கட்டும் முன் ராத்திரி பதினொரு மணிக்கு சாட்டில் போய் மூன்று கேள்வி கேளுங்கள்: ஒரே சமயத்தில் எத்தனை புரோசஸ் வரம்பு, பேக்கப்பைத் திருப்பி ஏற்றக் காசு உண்டா, முழு பேக்கப்பை நானே டவுன்லோடு செய்துகொள்ள முடியுமா. எண்ணோடு பதில் வந்தால் அங்கே வாங்கலாம். "எல்லாம் அன்லிமிடெட்" என்று வந்தால் அடுத்த இடம் பாருங்கள். முதலில் ஒரு மாதம் அல்லது ஒரு வருடத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

உங்களிடம் ஏற்கெனவே டொமைன் இருந்தால் இன்றைக்கே ஒன்று பாருங்கள். டொமைன் யார் பெயரில் என்று காட்டும் ஹூஇஸ் பக்கத்தில் தேடினால் 2018-க்குப் பிறகு பெரும்பாலும் பெயர் மறைக்கப்பட்டுத்தான் இருக்கும், அதனால் அதில் தெரியாது. "டொமைனைப் புதுப்பியுங்கள்" என்று கடைசியாக வந்த மெயில் யாருடைய இன்பாக்ஸில் இருக்கிறது என்று தேடுங்கள். உங்களுடையதில் இல்லை என்றால் ஹோஸ்டிங் தேடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், அந்த டொமைனை முதலில் உங்கள் பெயருக்கு மாற்றி வாங்குங்கள். அந்த 60 நாள் பூட்டில் மாட்டினால் கீழே எழுதுங்கள், எனக்குத் தெரிந்த வரை சொல்கிறேன்.